முத்திரை விழுந்தால் சக்கரம் சுழலுமா?

கூட்டம் முடிந்துவிட்டது. ஒலிபெருக்கியை இறக்கிக் கொண்டிருந்தார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைத் தோழர் ஒருவர் மேடையோரம் வந்து நின்றார். கையிலே கைப்பேசி, முகத்திலே ஒரு தயக்கம்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். ஒரு சக்கரம். அதன் விளிம்பு முழுவதும் காந்தத் துண்டுகள். சுற்றிலும் வளைவாக இன்னொரு வரிசைக் காந்தங்கள். மின்கம்பி இல்லை, பாட்டரி இல்லை, எண்ணெய் இல்லை, சக்கரம் சுற்றுகிறது! சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது! பின்னணியிலே ஒரு குரல்: இனி மின்கட்டணம் இல்லை, இனி எரிபொருள் இல்லை, பங்கு சேருவோர் முந்துக!

"இருபதாயிரம் போடச் சொல்றாங்கண்ணே. வீட்டிலே ஒரு சங்கிலி இருக்கு. வச்சுத் தரலாம்னு நினைக்கிறேன்."

"நீங்கள் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். உங்களுக்கே தெரியவில்லையா?"

"தெரியுதுண்ணே. கரண்ட் இல்லாம எப்படிச் சுத்தும்னு கேட்டேன். அமெரிக்காவிலே பேட்டண்ட் வாங்கின சரக்குன்னான். நம்பரே காட்டினான். ஒரு சர்க்கார் முத்திரை குத்திக் கொடுத்தது பொய்யாகவா இருக்கும்?"

பொய்யாகவா இருக்கும்! அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அன்றிரவு நான் உறங்கவில்லை. சக்கரத்தை அவர் நம்பவில்லை, தோழர்களே! தம் கைத்தொழில் அறிவு சொன்னதை அவர் கேட்கத்தான் செய்தார். ஆனால் முத்திரை குறுக்கே வந்தது. அறிவு வாயடைத்து நின்றது. ஆகவே அந்த முத்திரையின் கதையைச் சொல்லுவதென்று முடிவு செய்தேன்.

அவர் காட்டிய எண் உண்மையான எண்தான். அமெரிக்கக் காப்புரிமை எண் 41,51,431. பெற்றவர் ஹோவர்டு ஜான்சன். 1973 டிசம்பரிலே மனுப் போட்டார். 1979 ஏப்ரல் 24ஆம் நாள் பட்டயம் கைக்கு வந்தது. தலைப்பு: 'நிலைக் காந்த மோட்டார்'. நிற்கும் காந்தங்களை இடைவெளி விட்டு வரிசையாக வை. சுழலும் பகுதியிலே வாழைப்பழம் போல் வளைந்த காந்தத்தைப் பொருத்து. இரண்டின் நீளமும் இடைவெளியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கட்டும். ஒரு முனை இழுக்கும்போது மறுமுனை தள்ளும். ரோட்டர் ஒரே திசையிலே ஓடும். இவ்வளவுதான் அதன் சாரம். ஆற்றல் எங்கிருந்து வருகிறது? காந்தத்துக்குள் இருக்கும் எலக்ட்ரானின் சுழற்சியிலிருந்து வருகிறது என்று எழுதிக் கொடுத்தார். 1980இல் ஓர் அமெரிக்க விஞ்ஞான இதழ் அட்டையிலே போட்டுக் கொண்டாடியது.

எழுத்து இருக்கிறது, படம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. அந்த மோட்டாரை வைத்து ஓடிய ஆலை? இல்லை! இறைத்த கிணறு? இல்லை! எரிந்த விளக்கு? ஒன்றுகூட இல்லை!

ஏன் இல்லை? பெரிய படிப்பு வேண்டாம், தோழர்களே! இரண்டு காந்தத்தை எடுங்கள். ஒன்றையொன்று நெருங்கவிடுங்கள். டப்பென்று பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். பாய்ந்ததே, அது ஆற்றல்தானே? ஆம், ஆற்றல்தான். இப்போது பிரித்துப் பாருங்கள். விரல் வலிக்கும். பாயும்போது அது கொடுத்ததைப் பிரிக்கும்போது நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. சல்லிக் காசு குறையாமல் வாங்கிக்கொள்கிறது. பள்ளத்தில் உருளும் வண்டி மேட்டில் ஏறித்தானே ஆகவேண்டும்? வளைத்து வை, சாய்த்து வை, நூறு காந்தம் வை, ஆயிரம் காந்தம் வை. ஒரு முழுச் சுற்று முடிந்து கணக்குப் பார்த்தால் வரவும் செலவும் சரி. அச்சிலே தேய்மானம் வேறு. ஆகவே சுற்றிவிட்ட சக்கரம் சற்று நேரம் சுற்றும், பிறகு நிற்கும். கைப்பேசியிலே நிற்கவில்லையே என்றால், நிற்பதற்குள் படம் எடுத்திருப்பான். அல்லது பலகைக்கு அடியிலே பாட்டரி இருக்கும்.

நம் பட்டறை மோட்டார் எப்படி நிற்காமல் சுற்றுகிறது? இழுத்து முடித்த இடத்திலே, சரியான நொடியிலே, மின்னோட்டம் திசை மாறுகிறது. காந்தத்தின் முனையே இடம் மாறிக்கொள்கிறது. அந்த மாற்றத்துக்கு விலையுண்டு. அந்த விலைதான் மீட்டரிலே ஏறுகிறது. நம் தோழர் கட்டும் மோட்டார்களிலே பெரும்பாலானவற்றின் ரோட்டரில் காந்தத் துண்டே கிடையாது. அலுமினியக் கம்பிக் கூடுதான். அது சுற்றவில்லையா?

இதனாலே காந்த அடுக்குமுறை வெட்டி வேலை என்று எண்ணிவிட வேண்டாம். மின்சாரக் காருக்குள் இருக்கும் ரோட்டரிலே காந்தங்களை 'வி' எழுத்து வடிவிலே இரும்புக்குள் புதைத்து வைக்கிறார்கள். எந்தக் கோணம், எத்தனை அடுக்கு, எவ்வளவு ஆழம் என்று ஒவ்வொன்றுக்கும் கம்பெனிகள் காப்புரிமை வாங்குகின்றன. வாங்கட்டும். அந்த அடுக்குமுறை வீணாகும் ஆற்றலைக் குறைக்கிறது. நூறு கொடுத்தால் தொண்ணூறு தருவதைத் தொண்ணூற்றைந்து தரச் செய்கிறது. நூறு கொடுத்து நூற்றைந்து வாங்குவேன் என்று எந்தப் பொறியாளனும் சொல்லவில்லை.

சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் கதைதான் பெரிய கதை.

ஜான்சனுக்கு முத்திரை விழுந்தது 1979 ஏப்ரலில் அல்லவா? அதற்கு முந்திய மாதம், மார்ச்சிலே, அதே அலுவலகத்துக்கு ஒரு மனு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் ஜோசப் நியூமன். அமெரிக்காவின் தென்கோடியிலே மிசிசிப்பி மாநிலம். அதிலே லூசிடேல் என்ற சிற்றூர். பல்கலைக்கழகத்திலே பௌதிகம் படித்தவரல்ல, தாமே படித்தவர், தாமே செய்தவர். மைல் கணக்கான செப்புக் கம்பியைப் பெரும் சுருளாகச் சுற்றினார். அதன் நடுவே வலிமை வாய்ந்த காந்தம் ஒன்றைச் சுழலவிட்டார். அடுக்கடுக்காகப் பாட்டரிகளை இணைத்தார். காந்தம் சுழன்றது. பாட்டரியிலிருந்து போவதைவிட அதிகமாக வெளியே வருகிறது என்றார். மனுவின் தலைப்பையே அப்படி வைத்தார்: 'உள்ளே கொடுப்பதைவிட மிகுதியான ஆற்றலை வெளியே தரும் அமைப்பு'.

பாருங்கள் வேடிக்கையை! ஜான்சன் தலைப்பிலே 'மோட்டார்' என்று மட்டும் எழுதினார், உள்ளே நுழைந்துவிட்டார். நியூமன் மனத்தில் உள்ளதைத் தலைப்பிலேயே போட்டார், வாசலிலேயே நிறுத்தப்பட்டார். ஒரே அலுவலகம், ஒரே ஆண்டு! முத்திரையின் யோக்கியதை இதிலேயே விளங்கவில்லையா?

காப்புரிமை அலுவலகத்தின் வேலை என்ன? இந்த யோசனை புதியதா, இதற்கு முன் வேறு யாரும் சொல்லியிருக்கிறார்களா, எழுதியதைப் படித்து இன்னொருவர் செய்ய முடியுமா, பயன் உண்டா என்று தாளைப் பார்த்துச் சொல்வது. முன்பெல்லாம், 1790 முதல் 1880 வரை, மனுவோடு ஒரு மாதிரி இயந்திரத்தையும் கொண்டுவரச் சொன்னார்கள். இடம் போதவில்லை, கைவிட்டார்கள். இப்போது தாள் போதும். ஒரே ஒரு விலக்குத்தான்: ஓயாது ஓடும் இயந்திரம் என்று வருகிறவனிடம் மட்டும், 'செய்து காட்டு' என்று கேட்கலாம் என விதியிலே எழுதி வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் இன்னும் கறார். ஓயாது ஓடும் பொறி பற்றிய மனு எதையும் இனிப் பிரித்தே பார்ப்பதில்லை என்று 1775லேயே முடிவெடுத்துவிட்டது. எத்தனை பேர் வந்து எவ்வளவு தொல்லை கொடுத்திருந்தால் இப்படி ஒரு தீர்மானம் போட்டிருப்பார்கள்!

நியூமனின் மனு தள்ளப்பட்டது. இயற்கை விதிக்கு முரண் என்றார்கள். அவர் என்ன செய்தார்? தலை குனிந்து வீடு திரும்பவில்லை. 1983இல் வாஷிங்டன் நீதிமன்றத்திலே வழக்குப் போட்டார், அரசின் மீதே! 'என் இயந்திரத்தைப் பார்க்காமலே பொய் என்கிறீர்களே, இது நியாயமா?' என்பது அவர் கேள்வி.

இந்த இடத்திலே நான் நியூமன் பக்கம் நிற்கிறேன். படிக்காதவன் சொல்கிறான் என்பதற்காகத் தள்ளுவது அறிவாகாது. ஓர் எளியவன் கதவைத் தட்டினால், திறந்து பார்த்துவிட்டு இல்லையென்று சொல், திறக்காமலே சொல்லாதே!

வழக்கைக் கேட்டவர் நீதிபதி ஜாக்சன். பின்னாளில், 2000ஆம் ஆண்டிலே, மைக்ரோசாப்ட் கம்பெனியை இரண்டாகப் பிரி என்று ஆணையிட்டாரே, அவரேதான். 'இது மின்னியல் சங்கதி. தெரிந்த ஒருவர் ஆராய்ந்து சொல்லட்டும்' என்று ஓர் அறிஞரை நியமித்தார். யாரை? காப்புரிமை அலுவலகத்துக்கே தலைமை ஆணையராக இருந்த வில்லியம் ஷைலரை! அவர் ஏடுகளைப் பார்த்தார், சாட்சிகளைப் பார்த்தார். பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்களே நியூமனுக்குச் சான்று தந்திருந்தார்கள். 1984இல் ஷைலர் அறிக்கை கொடுத்தார்: நியூமனின் இயந்திரம் கொடுத்ததைவிட அதிகம் தருகிறது என்பதற்குச் சான்று குவிந்து கிடக்கிறது!

கேட்க வேண்டுமா ஆரவாரத்துக்கு! ஏடுகள் எழுதின, தொலைக்காட்சி காட்டியது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலே சூப்பர்டோம் என்ற மாபெரும் விளையாட்டரங்கையே அமர்த்தி, மக்கள் முன்னே இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார் நியூமன். பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் ஏழை விஞ்ஞானியை நசுக்கப் பார்க்கின்றன என்று பேச்சு. நம் காதுக்கும் இனிக்கிற பேச்சுத்தான் அது! முதலாளி ஒரு பக்கம், ஏழை ஒரு பக்கம் என்றதும் நாம் எந்தப் பக்கம் ஓடுவோம் என்பது அந்தக் கைப்பேசிக்காரனுக்கும் தெரியும். அதனால்தான் அவனும் அதே பாட்டைப் பாடுகிறான்.

நீதிபதி மயங்கவில்லை. தாம் நியமித்தவரே சொன்னாலும், ஆணையராக இருந்தவரே சொன்னாலும், அளந்து பார்த்தால் தவிர ஏற்பதற்கில்லை என்றார். தேசியத் தர அளவைக் கூடத்திலே இயந்திரத்தை ஒப்படைக்கச் சொன்னார். நியூமன் மறுத்தார், மேலே முறையிட்டார், இழுத்தடித்தார், கடைசியிலே ஒப்படைத்தார்.

1986இல் அளந்தார்கள். அளப்பதிலே ஒரு நுட்பம் இருந்தது. பட்டறைத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நியூமனின் இயந்திரத்திலே சுழலும் கம்யூட்டேட்டர் ஒன்று மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிறது. விட்டு விட்டு வெட்டும்போது பொறி பறக்கிறது. மின்னோட்டம் சீராக இல்லாமல் கூர்கூராக எகிறுகிறது. சாதாரண மீட்டர் சீரான ஓட்டத்துக்காகச் செய்யப்பட்டது. இப்படி எகிறும் ஓட்டத்திலே அது கண்டபடி காட்டும். உள்ளே போவதைக் குறைத்துக் காட்டும், வெளியே வருவதைக் கூட்டிக் காட்டும். சான்று தந்த பட்டதாரிகள் அத்தனை பேரும் பொய்யர்கள் என்று சொல்லத் தேவையில்லை. பொருந்தாத மீட்டரைப் பொருந்தாத இடத்திலே வைத்தவர்களும் உண்டு. நம்பவேண்டும் என்று ஆசைப்பட்டவர்களும் உண்டு.

அளவைக் கூடத்தார், எகிறும் அலையையும் நொடிக்கு நொடி பிடித்துக் கணக்கிடும் கருவிகளை வைத்தார்கள். விதவிதமான சுமைகளைக் கொடுத்தார்கள். பாட்டரியின் அழுத்தத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். முடிவு? ஒரு தடவைகூட, எந்த நிலையிலும், உள்ளே போனதைவிட அதிகமாக வெளியே வரவில்லை! நூறு போனால் எழுபதுகூடத் திரும்பவில்லை!

நம் தோழர் காயில் கட்டி அனுப்பும் ஐந்து குதிரைச் சக்தி மோட்டார், நூறு வாங்கினால் எண்பதுக்குமேல் தருகிறது. அதற்கு அரங்கமும் இல்லை, ஆரவாரமும் இல்லை. உலகத்தின் எரிபொருள் பஞ்சத்தைத் தீர்க்க வந்த இயந்திரம், வயற்காட்டுக் கிணற்று மோட்டாரிடம் தோற்றது!

'தரைக்கம்பியைத் தவறாக இணைத்துவிட்டார்கள்' என்றார் நியூமன். ஒப்புக்கொள்ளவில்லை. அதே 1986இல் விவகாரம் அமெரிக்க மேலவைக்கே போயிற்று. நீதிமன்றம் வேண்டாம், அலுவலகம் வேண்டாம், நியூமனுக்குப் பட்டயம் கொடு என்று சட்டமே இயற்றிவிடலாம் என மசோதா கொண்டுவந்தார்கள். காந்தத்தின் கணக்கை ஓட்டுப் போட்டுத் திருத்தப் பார்த்தார்கள்! ஓட்டுக்கு எவ்வளவோ வலிமை உண்டு. நானே மேடைதோறும் அதைச் சொல்கிறேன். ஆனால் சுற்றாத சக்கரத்தைச் சுற்றவைக்கும் வலிமை அதற்குக் கிடையாது.

அந்த மேலவைக் குழுவிலே ஜான் கிளென் இருந்தார். 1962இல் ராக்கெட்டிலே ஏறி உலகத்தை வலம் வந்த முதல் அமெரிக்கர். உயிரைக் கொண்டுபோய் இயந்திரத்தின் மேல் உட்காரவைத்தவருக்கு, அளவை என்றால் என்னவென்று தெரியாதா? அவர் நியூமனிடம் சிக்கலாக எதுவும் கேட்கவில்லை. உள்ளே போவதை அளப்போம், வெளியே வருவதை அளப்போம், வித்தியாசத்தைப் பார்த்துவிடுவோம், இதற்குச் சம்மதமா? அவ்வளவுதான் கேட்டார்.

நியூமன் சம்மதிக்கவில்லை.

'திறந்து பார்' என்று வழக்குப் போட்டவர், திறந்து பார்க்க வந்தபோது கதவைச் சாத்தினார். அதுவரை அவர் பக்கம் நின்ற நான், அந்த இடத்திலே விலகிக்கொள்கிறேன். மசோதா அதற்குமேல் நகரவில்லை. 1988இல் நீதிபதி ஜாக்சன் நியூமனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 1989இல் மேல்முறையீட்டு மன்றமும் அதை உறுதி செய்தது. காப்புரிமை ஆணையராக அப்போது இருந்தவர் பெயராலே 'நியூமன் எதிர் குவிக்' என்று அந்த வழக்கு சட்ட ஏடுகளிலே நிலைத்துவிட்டது. நியூமன் 2015இல் இறக்கும்வரை தம் கொள்கையை விடவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் எழுதமாட்டேன். தம் இயந்திரத்தின் மேல் வைத்த ஆசையிலே அவரே மாட்டிக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அவருக்குப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. அந்தப் பணம் யார் யாருடைய வீட்டுச் சங்கிலியோ!

மறுவாரம் பட்டறைக்குப் போனேன். இந்தக் கதை முழுவதையும் தோழரிடம் சொன்னேன். காயில் கட்டிக்கொண்டே கேட்டார். வேலை நிற்கவில்லை.

"அப்போ ஜான்சன் வாங்கின பேட்டண்ட், அது மட்டும் எப்படிண்ணே?"

"தாளைப் பார்த்துக் கொடுத்தது தோழரே. தாளிலே புதிதாக இருந்தது, கொடுத்தார்கள். ஓடுகிறது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. இன்னொன்று கேளுங்கள். அந்தக் காலத்துக் காப்புரிமைக்கு ஆயுள் பதினேழு ஆண்டு. 1979லே கொடுத்தது 1996லே முடிந்தது. அதன் பிறகு அந்தப் படம் உலகத்துக்கே பொது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஒரு காசு கொடுக்க வேண்டாம். நீங்களே செய்யலாம், நானே செய்யலாம். ஜப்பான்காரன் செய்யலாம், சீனாக்காரன் செய்யலாம். காந்தத்தை மலைபோல் குவித்து வைத்திருக்கிற கம்பெனியெல்லாம் செய்யலாம்."

கையிலிருந்த கம்பியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாருமே செய்யலையா?"

"ஒருவரும் செய்யவில்லை."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்தார், அந்தச் சக்கரத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"படம் சும்மாவே கிடைக்குதுன்னா, இவன் எதுக்குண்ணே இருபதாயிரம் கேக்குறான்?"